எஃப்பிஜிஏ பின்னுக்கு எந்த ஐபிஸ் மாடல்? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

சாதாரண லாஜிக் சிப் ஒன்றின் ஐபிஸ் கோப்பை (பின்களின் மின் நடத்தையைச் சிமுலேட்டருக்குச் சொல்லும் கோப்பு) இறக்கினால், எந்தப் பின்னுக்கு எந்த மாடல் என்பது அதிலேயே எழுதியிருக்கும். சிமுலேட்டரில் ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்கலாம். எஃப்பிஜிஏ, அதாவது உள்ளே என்ன சர்க்யூட் இருக்க வேண்டும் என்பதை நாமே அமைக்கும் சிப், அப்படி இல்லை. இன்று 3.3 வோல்ட் கிளாக்கை வெளியே அனுப்பும் அதே பின், அடுத்த டிசைனில் எல்விடிஎஸ் ஜோடியில் (இரண்டு கம்பிகளின் வேறுபாட்டில் சிக்னல் அனுப்பும் முறை) ஒரு காலாக இருக்கும். அதற்கடுத்ததில் வெறும் உள்ளீடாக இருக்கும். அந்தப் பின் என்னவாக இயங்க வேண்டும் என்பதைச் சிப் செய்த நிறுவனம் முடிவு செய்வதில்லை. உங்கள் கன்ஸ்ட்ரெயின்ட் கோப்பில் (பின்களுக்கான அமைப்புகளை எழுதும் கோப்பு) இருக்கும் நான்கைந்து சொற்கள்தான் முடிவு செய்கின்றன.

அதனால் எஃப்பிஜிஏ சிமுலேஷனில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒன்றுதான்: சிப்புக்குள் கான்ஃபிகர் ஆகியிருக்கும் பஃபர் (பின்னை ஓட்டும் சர்க்யூட்) ஒன்று, சிமுலேட்டரில் ஓடும் மாடல் வேறொன்று. இந்த இரண்டும் எங்கே பிரிந்தன என்பதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இந்த வழிமுறை. உதாரணங்களைச் சைலிங்க்ஸ் 7 சீரிஸ் சிப்புகளிலிருந்தும் விவாடோ மென்பொருளிலிருந்தும் எடுக்கிறேன். எனக்கு நன்றாகப் பழகியவை அவை. மற்ற நிறுவனங்களின் சிப்புகளுக்கும் இதே வரிசையில்தான் பார்க்க வேண்டும், மெனுக்களின் பெயர்கள் மட்டும் மாறும்.

ஐபிஸைப் பற்றி ஒரு வார்த்தை. 1990களின் தொடக்கத்தில் இன்டெல் ஆரம்பித்து வைத்தது. முதல் பதிப்பு 1993இல் வந்தது. பஃபருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அமைப்பை வெளியே சொல்லாமல், பின்னிலிருந்து பார்த்தால் மின்னழுத்தத்துக்கு எவ்வளவு மின்னோட்டம், நேரத்துக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்ற அட்டவணைகளை மட்டும் கொடுப்பது அதன் வழி. முழுக்க முழுக்க எழுத்துக் கோப்பு. எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: கோப்பைத் திறந்தே பார்க்காமல் பல நாட்கள் சிமுலேட்டரோடு போராடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்குமேல் பத்து நிமிடம் கோப்பைப் படித்தாலே தீர்ந்துவிடும்.

தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை: இம்ப்ளிமென்டேஷன் முடிந்த டிசைனிலிருந்து எடுத்த ஐஓ ரிப்போர்ட், ஒவ்வொரு பேங்குக்கும் (ஒரே சப்ளையில் ஓடும் பின்களின் தொகுதி) எந்த மின்னழுத்தம் போகிறது என்று காட்டும் ஸ்கீமாட்டிக் பக்கம், ஐபிஸ் கோப்பு, அப்புறம் சிமுலேட்டர் எந்தப் பின்னுக்கு எந்த மாடலை எடுத்துக்கொண்டது என்ற பட்டியல். கடைசியாகச் சொன்னதைப் பலர் எடுப்பதே இல்லை. அதுதான் முக்கியம்.

அறிகுறி 1: பின்னுக்கு மாடல் இல்லை என்கிறது, அல்லது எல்லாப் பின்னுக்கும் ஒரே மாடல் வருகிறது

நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிய பொதுக் கோப்பை அப்படியே ஏற்றியிருப்பீர்கள். அந்தக் கோப்பு ஒரு கிடங்கு. அந்தச் சிப் குடும்பத்தில் சாத்தியமான எல்லா ஐஓ ஸ்டாண்டர்டுகளும், எல்லா டிரைவ் அளவுகளும் (மின்னோட்ட வலு), எல்லா ஸ்லூ வகைகளும் (விளிம்பு மாறும் வேகம்) அதில் நூற்றுக்கணக்கில் குவிந்திருக்கும். உங்கள் டிசைனில் ஏ15 என்ற பந்து (சிப்பின் அடியில் இருக்கும் இணைப்புப் புள்ளி) என்ன வேலை செய்கிறது என்பது அதற்குத் தெரியாது.

சரியான வழி, டிசைன் மென்பொருளிடமே கேட்பது. விவாடோவில் 'ரைட்_ஐபிஸ்' என்ற கட்டளை இருக்கிறது. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் பகுதியிலும் கிடைக்கும். குவார்ட்டஸில் போர்டு அளவிலான சிக்னல் இன்டெக்ரிட்டி அமைப்பில் ஐபிஸைத் தேர்ந்தெடுத்தால், கம்பைல் செய்யும்போது கோப்பு உருவாகும். இப்படி வரும் கோப்பில் உங்கள் சிக்னல் பெயர், பந்தின் எண், மாடல் பெயர் மூன்றும் ஒரே வரியில் இருக்கும்.

பின் லொகேஷனும் ஐஓ ஸ்டாண்டர்டும் முடிவான பிறகுதான் இந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும். முடிவு செய்யாமல் விட்ட பின்னுக்கு மென்பொருள் தன் இயல்புநிலையை எடுத்துக்கொள்ளும். விவாடோவில் 7 சீரிஸுக்கு அது 1.8 வோல்ட் எல்விசிமாஸ் என்ற ஒற்றைக் கம்பி ஸ்டாண்டர்டு. போர்டில் அந்த பேங்குக்கு 3.3 வோல்ட் போய்க்கொண்டிருக்கும்.

கோப்பு சரியாக இருந்தும் மாடல் பொருந்தவில்லை என்றால் மூன்று சின்ன விஷயங்களைப் பாருங்கள். ஸ்கீமாட்டிக் சிம்பலில் பின்னின் பெயர் ஏ01, ஐபிஸில் ஏ1 என்று இருக்கலாம். சிக்னல் பெயர் நீளமாக இருந்து கோப்பில் வெட்டப்பட்டிருக்கலாம். ரைட்_ஐபிஸ் கட்டளையில் எத்தனை எழுத்தில் வெட்டுவது என்று சொல்லும் தேர்வு உண்டு. அல்லது கோப்பில் இருக்கும் காம்பொனென்ட் பெயரைச் சிமுலேட்டர் வேறாகத் தேடலாம். மூன்றும் அற்பமானவை, ஆனால் ஒரு காலைப் பொழுதை விழுங்கிவிடும்.

அறிகுறி 2: சிமுலேஷனில் அலை சுத்தம், போர்டில் ரிங்கிங் (விளிம்புக்குப் பிறகு அலை மேலும் கீழும் ஆடுவது)

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எனக்கே நடந்தது இது.

ஒரு ஏடிசிக்கு (அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்) எஃப்பிஜிஏவிலிருந்து கிளாக் கொடுத்திருந்தேன். சிமுலேஷனில் அலை அழகாக ஏறி இறங்கியது. சீரீஸ் ரெசிஸ்டர் வேண்டாம் என்று முடிவு செய்து போர்டைச் செய்யக் கொடுத்தாயிற்று. வந்த போர்டில் ஏடிசி அவ்வப்போது ஒரு விளிம்பை இரண்டாக எண்ணியது. ஸ்கோப்பில் பார்த்தால் உயரும் விளிம்புக்குப் பின்னால் ஒரு பெரிய பள்ளம். இரண்டு நாள் தேடிய பிறகுதான் தெரிந்தது: நான் சிமுலேட் செய்தது 4 மில்லி ஆம்பியர், ஸ்லோ வகை பஃபரை. கன்ஸ்ட்ரெயின்ட் கோப்பிலோ 16 மில்லி ஆம்பியர், ஃபாஸ்ட் என்று இருந்தது. யார் மாற்றினார்கள் என்று தேடினால், யாரும் மாற்றவில்லை. சிமுலேட்டர்தான் பட்டியலின் முதல் வரியை எடுத்துக்கொண்டது.

காரணம் இதுதான். ஐபிஸ் கோப்பில் 'மாடல் செலெக்டர்' என்ற ஒரு பகுதி வரலாம். ஒரு பின்னுக்குப் பல மாடல்கள் சாத்தியம் என்று அது பட்டியலிடும். பயனர் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அதில் முதலில் இருப்பதே இயல்புநிலை. இது ஐபிஸ் விதியிலேயே இருக்கிறது. பட்டியலில் எது முதலில் வரும் என்பதற்கும் உங்கள் டிசைனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சரிபார்க்கும் முறை: ஐஓ ரிப்போர்ட்டில் அந்தப் பின்னின் வரியை எடுத்து ஐஓ ஸ்டாண்டர்டு, டிரைவ், ஸ்லூ, பேங்க் வகை நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். சிமுலேட்டரில் அந்தப் பின்னின் மாடல் பெயரைப் பாருங்கள். எஃப்பிஜிஏ மாடல்களின் பெயரிலேயே பெரும்பாலும் இந்தத் தகவல் ஒளிந்திருக்கும்: ஸ்டாண்டர்டின் பெயர், ஸ்லோவா ஃபாஸ்டா என்று ஓர் எழுத்து, மில்லி ஆம்பியர் எண், பேங்க் வகை. நான்கும் ஒத்துப்போக வேண்டும். கன்ஸ்ட்ரெயின்டில் டிரைவ், ஸ்லூ எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் 7 சீரிஸில் எல்விசிமாஸுக்கு 12 மில்லி ஆம்பியர், ஸ்லோ என்று எடுத்துக்கொள்ளும். 1.2 வோல்ட்டுக்கு மட்டும் இந்த அனுமானத்தோடு போகாமல் ரிப்போர்ட்டைப் பாருங்கள்.

மாடல் சரியாக இருக்கிறது, ஆனால் எந்த ரெசிஸ்டர் போடுவது என்று தெரியவில்லை என்றால், அதற்கும் கோப்பே பதில் சொல்லும். 12 மில்லி ஆம்பியர் டிரைவ் என்றால் பஃபர் 12 மில்லி ஆம்பியரோடு நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். மோசமான நிலையிலும் இவ்வளவு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு வெளியீடு 0.4 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும் என்ற உத்தரவாதம் அது. 0.4ஐ 12 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 33 ஓம். சாதாரண நிலையில் பஃபர் அதைவிட வலுவானது. உண்மையான எண்ணுக்கு 'புல்டவுன்' அட்டவணையைத் திறந்து 0.5 வோல்ட்டுக்கு எதிரே இருக்கும் மின்னோட்டத்தைப் பாருங்கள். அங்கே 20 மில்லி ஆம்பியர் இருந்தால் வெளியீட்டு மின்தடை 25 ஓம். 50 ஓம் பாதைக்கு இன்னொரு 25 ஓம் தேவை. கடையில் கிடைக்கும் 22 அல்லது 27 ஓமில் ஒன்றைச் சிமுலேட் செய்து பாருங்கள். 'புல்அப்' அட்டவணையைப் படிக்கும்போது மட்டும் கவனம் தேவை. அதில் இருக்கும் மின்னழுத்தம் தரையிலிருந்து அளந்ததல்ல. சப்ளையிலிருந்து கீழே எவ்வளவு என்று அளந்தது. இது தெரியாமல் படித்தால் அட்டவணை தலைகீழாகத் தோன்றும்.

சொல்லப்போனால், இந்த அறிகுறிக்கு மிக நல்ல மருந்து ரெசிஸ்டர் இல்லை. டிரைவைக் குறைத்து ஸ்லோ ஆக்கிப் பாருங்கள். எஃப்பிஜிஏவில் இது ஒரு வரி மாற்றம். என் ஏடிசி போர்டு அப்படித்தான் உயிர் பிழைத்தது: 8 மில்லி ஆம்பியர், ஸ்லோ. போர்டை மறுபடி செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை.

அறிகுறி 3: போர்டு நன்றாக ஓடுகிறது, சிமுலேஷனில் பயங்கரமான ஓவர்ஷூட்

முந்தையதன் மறுபக்கம். அதே நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள். அவை சரியென்றால் எந்த நெடுவரிசையில் ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். ஐபிஸில் ஒவ்வோர் எண்ணுக்கும் டிப் (சாதாரண நிலை), மின் (மினிமம்), மேக்ஸ் (மேக்ஸிமம்) என்று மூன்று நெடுவரிசைகள். மேக்ஸ் என்பது அதிக மின்னழுத்தம், குளிர்ந்த சிப், மிக வேகமான பஃபர். உங்கள் மேசையில் இருக்கும் போர்டு அந்த மூலையில் இல்லை. அதற்காக மேக்ஸைத் தூக்கி எறிய வேண்டாம்; ஆயிரம் போர்டு செய்தால் அதில் சில அந்தப் பக்கம் இருக்கும். டேட்டாஷீட்டில் ஓவர்ஷூட்டுக்குக் கொடுத்திருக்கும் வரம்பை மேக்ஸ் நெடுவரிசையோடுதான் ஒப்பிட வேண்டும்.

மூலைகளில் ஒரு பொறி இருக்கிறது. பஃபரின் உள்மின்தேக்கத்தைச் சொல்லும் 'சி-காம்ப்' என்ற வரியிலும் மூன்று எண்கள் உண்டு. அங்கே மின் என்றால் சிறிய எண், மேக்ஸ் என்றால் பெரிய எண், அவ்வளவுதான். மெதுவான மூலை, வேகமான மூலை என்ற பொருள் அங்கே இல்லை. மெதுவான பஃபரோடு பெரிய மின்தேக்கம் சேர்ந்தால்தான் உண்மையிலேயே மெதுவான நிலை வரும். உங்கள் சிமுலேட்டர் இவற்றை எப்படிச் சேர்க்கிறது என்று ஒருமுறை சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 4: உயர்நிலை மின்னழுத்தம் தப்பாக வருகிறது

3.3 எதிர்பார்த்த இடத்தில் 2.5 அல்லது 1.8. மாடலில் 'வோல்டேஜ் ரேஞ்ச்' வரியைப் பாருங்கள். பஃபரின் சப்ளை அங்கே இருக்கும். 7 சீரிஸில் இரண்டு வகை பேங்குகள் உண்டு: எச்ஆர் பேங்க் 1.2 முதல் 3.3 வோல்ட் வரை, எச்பி பேங்க் 1.2 முதல் 1.8 வரை. ஒரே 1.8 வோல்ட் எல்விசிமாஸ் பெயர் இரண்டிலும் இருந்தாலும் பஃபர்கள் வேறு, மாடல்களும் வேறு. பெயரின் கடைசி எழுத்துகளைத் தவறவிட்டால் இங்கேதான் மாட்டுவோம்.

அறிகுறி 5: அலை பாதியில் நிற்கிறது, அல்லது அசையவே இல்லை

வெளியீடாக ஓட வேண்டிய ஐஓ மாடல் சிமுலேட்டரில் உள்ளீடாக அமைந்திருக்கலாம். இல்லையென்றால் மாடல் ஓப்பன் டிரெயின் வகையாக இருந்து, மேலே இழுக்கும் ரெசிஸ்டரை நீங்கள் சர்க்யூட்டில் சேர்க்காமல் விட்டிருக்கலாம். ஐ2சி பாதைகளில் அடிக்கடி நடப்பது. கன்ஸ்ட்ரெயின்டில் புல்அப் என்று எழுதியிருந்தாலும் அந்த உள் புல்அப் மாடலுக்குள் வந்திருக்கிறது என்று நம்ப வேண்டாம். அது பலவீனமானது, வேகமான ஐ2சிக்கு எப்படியும் வெளியே ரெசிஸ்டர் வேண்டும்.

கான்ஃபிகரேஷன் முடியும் முன் அந்தப் பின் எப்படி இருக்கும் என்பது வேறு கேள்வி. அப்போது யூசர் பின்கள் டிரைஸ்டேட்டில் இருக்கும். 7 சீரிஸில் அந்த நேரத்தில் பலவீனமான புல்அப் இருக்குமா இல்லையா என்பதைப் பியூடிசி_பி என்ற பின் தீர்மானிக்கிறது. மோட்டார் டிரைவர், ரிலே போன்றவற்றை ஓட்டும் பின் என்றால் இந்த நிலையையும் தனியாக ஓட்டிப் பாருங்கள்.

அறிகுறி 6: வேகம் கூட்டினால் அலையில் திடீர்த் தாவல்கள்

20 மெகாஹெர்ட்ஸில் ஒழுங்காக இருந்த அலை, 150இல் உடைந்து வருகிறது. சிமுலேட்டரின் பதிவில் எச்சரிக்கையும் இருக்கும். மாடலில் உயரும் அலைவடிவம், இறங்கும் அலைவடிவம் என்ற அட்டவணைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் மொத்த நேரம் உங்கள் ஒரு பிட்டின் நேரத்தைவிட நீளமாக இருக்கிறது. ஒரு மாற்றம் முடியும் முன் அடுத்ததைத் தொடங்கச் சொன்னால் சிமுலேட்டர் நடுவில் வெட்டி ஒட்டுகிறது. அட்டவணையின் தொடக்கத்தில் ஒன்றுமே நடக்காத நேரம் நிறைய இருந்தால் அதைத் தவிர்க்கும் வசதி சில சிமுலேட்டர்களில் உண்டு. ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு: அந்த வேகத்துக்கு ஸ்லோ பஃபர் பொருத்தமா? உண்மையான பஃபரும் அங்கே திணறும். கன்ஸ்ட்ரெயின்டிலேயே மாற்ற வேண்டிய இடம் இது.

அறிகுறி 7: ஸ்கோப்பில் விளிம்பு நடுவில் ஒரு படி தெரிகிறது, சிமுலேஷனில் இல்லை

பதற வேண்டாம். நீங்கள் இரண்டு வேறு இடங்களைப் பார்க்கிறீர்கள். சிமுலேட்டர் காட்டியது சிலிக்கான் மேல் இருக்கும் பேடை. ஸ்கோப் தொட்டது போர்டில் பந்துக்குக் கீழே இருக்கும் வயாவை. நடுவே சிப்பின் பேக்கேஜ் இருக்கிறது. பெரிய பிஜிஏ பேக்கேஜுக்குள் பேடிலிருந்து பந்து வரை ஓடும் பாதை சென்டிமீட்டர் கணக்கில் இருக்கும். உள்ளே போன அலை பேடில் திரும்பி மறுபடி வெளியே வரும். அந்தத் திரும்பிய அலைதான் பின்னில் படியாகத் தெரிகிறது. ரிசீவர் பார்ப்பது பேடை. அங்கே படி இல்லை என்றால் பிரச்சனையும் இல்லை.

உறுதி செய்ய, சிமுலேட்டரில் புரோபைப் பேடிலிருந்து பின்னுக்கு மாற்றுங்கள். இப்போது ஸ்கோப்பில் பார்த்த அதே படி வர வேண்டும். வந்துவிட்டால் மாடல் சரி, போர்டும் சரி. வரவில்லை என்றால் பேக்கேஜ் விவரம் சரியில்லை. கோப்பின் 'பின்' பகுதியில் ஒவ்வொரு பின்னுக்கும் தனித்தனியாக மின்தடை, இன்டக்டன்ஸ், மின்தேக்கம் மூன்றும் இருக்கின்றனவா, இல்லை முழுப் பேக்கேஜுக்கும் பொதுவாக ஒரே எண்ணா என்று பாருங்கள். ரைட்_ஐபிஸ் கட்டளையில் 'நோபின்' என்ற தேர்வைக் கொடுத்திருந்தால் பின்வாரியான விவரம் வராது. அதை எடுத்துவிட்டு மறுபடி உருவாக்குங்கள்.

இதன் எதிர்ப்பக்கமும் நடக்கும், அது ஆபத்தானது: பின்னில் அலை சுத்தம், பேடில் பள்ளம். ஸ்கோப்பால் அதைப் பார்க்கவே முடியாது. சிமுலேஷன் தன் சம்பளத்துக்கு வேலை செய்யும் இடம் இதுதான் என்பேன். கிளாக், ஸ்ட்ரோப் போன்ற பாதைகளில் எப்போதும் இரண்டு இடத்திலும் புரோப் வையுங்கள்.

அறிகுறி 8: டிடிஆர்3 எழுதுவதில் கண் திறந்திருக்கிறது, படிப்பதில் மூடிவிடுகிறது

கண் என்பது பல பிட்டுகளின் அலைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நடுவில் தெரியும் இடைவெளி. மெமரியில் டேட்டா பாதை இரு திசையிலும் ஓடும். திசை மாறும்போது இரண்டு முனையிலும் மாடல் மாற வேண்டும். எழுதும்போது எஃப்பிஜிஏ பக்கம் எஸ்எஸ்டிஎல்15 வெளியீடு, மெமரி பக்கம் ஓடிடி (சிப்புக்குள்ளேயே இருக்கும் டெர்மினேஷன், அதாவது அலை திரும்பாமல் தடுக்கும் ரெசிஸ்டர்) போட்ட உள்ளீடு. படிக்கும்போது மெமரி பக்கம் 34 அல்லது 40 ஓம் வெளியீடு, எஃப்பிஜிஏ பக்கம் டெர்மினேஷனோடு உள்ளீடு. பலர் எழுதும் திசைக்கு எல்லாம் சரியாக வைத்துவிட்டு, படிப்பதற்கு டிரைவரை மட்டும் மாற்றுகிறார்கள். எஃப்பிஜிஏ முனை டெர்மினேஷன் இல்லாமல் திறந்து கிடக்கிறது. கண் மூடாமல் என்ன செய்யும்?

7 சீரிஸில் எச்பி பேங்க் என்றால் 'டி_டிசிஐ' வகை மாடல் வேண்டும். டிரைவர் ஓய்வில் இருக்கும்போது மட்டும் உள்ளே டெர்மினேஷன் இணைவது அது. எச்ஆர் பேங்கில் டிசிஐ கிடையாது. அங்கே 'இன்_டெர்ம்' என்ற அமைப்பில் 40, 50, 60 ஓம் என்று தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அது வெளி ரெசிஸ்டரை வைத்துத் திருத்தப்படாதது, ஆகவே சிப்புக்குச் சிப் மாறும். மூன்று நெடுவரிசைகளிலும் ஓட்டிப் பார்ப்பது இங்கே கட்டாயம்.

மாடலின் பெயரை நம்பாமல், உள்ளே டெர்மினேஷன் உண்மையில் இருக்கிறதா என்று அட்டவணையிலிருந்தே கண்டுபிடிக்கலாம். நான் புதிதாக வரும் எல்லாருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். டெர்மினேஷன் உள்ளீட்டு மாடலில் கிளாம்ப் அட்டவணைகளுக்குள் புதைந்திருக்கும். பின்னில் 1.5 வோல்ட் இருக்கும்போது எவ்வளவு மின்னோட்டம் உள்ளே போகிறது என்று பாருங்கள்: 'கிரவுண்ட் கிளாம்ப்' அட்டவணையில் 1.5க்கு எதிரே இருக்கும் எண்ணையும், 'பவர் கிளாம்ப்' அட்டவணையில் 0க்கு எதிரே இருக்கும் எண்ணையும் கூட்டுங்கள். பவர் கிளாம்ப் சப்ளையிலிருந்து அளப்பதால் அங்கே 1.5 என்பது 0 ஆகிவிடும். 50 ஓம் ஸ்ப்ளிட் டெர்மினேஷன் என்றால், மேலும் கீழும் 100 ஓம் வீதம். மேல் ரெசிஸ்டரில் ஒன்றும் ஓடாது, கீழ் ரெசிஸ்டரில் 15 மில்லி ஆம்பியர். கூட்டுத்தொகை அதற்குப் பக்கத்தில் இருந்தால் டெர்மினேஷன் இருக்கிறது. மைக்ரோ ஆம்பியரில் இருந்தால் அது வெறும் உள்ளீடு, பெயர் என்ன சொன்னாலும் சரி.

டிடிஆர்3இல் முகவரிப் பாதைகளுக்கு இந்த ஓடிடி கிடையாது. டேட்டா, ஸ்ட்ரோப், மாஸ்க் பின்களுக்கு மட்டும்தான். முகவரிக் கோடுகளுக்கு வரிசையின் கடைசியில் 0.75 வோல்ட் விடிடிக்கு (டெர்மினேஷனுக்கான சப்ளை) ரெசிஸ்டர் போட்டிருப்பீர்கள். அதைச் சர்க்யூட்டில் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

அறிகுறி 9: எல்விடிஎஸ் அலை இருமடங்கு பெரிதாக வருகிறது

எல்விடிஎஸ் டிரைவர் ஏறக்குறைய 3.5 மில்லி ஆம்பியரை 100 ஓம் வழியாக ஓட்டுகிறது. அதனால் 350 மில்லிவோல்ட். அந்த 100 ஓம் இல்லாவிட்டால் அலை வீங்கி எகிறும். கன்ஸ்ட்ரெயின்டில் 'டிஃப்_டெர்ம்' போட்டிருப்பதால் போர்டில் ரெசிஸ்டர் வைக்கவில்லை, சரி. ஆனால் ஜோடியின் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கும் ரெசிஸ்டர் ஒற்றைப் பின்னின் அட்டவணைக்குள் அடங்காது. கோப்பில் அது தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா, உங்கள் சிமுலேட்டர் அதை எடுத்துக்கொண்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிமுலேஷனில் மட்டும் 100 ஓமை நீங்களே சேர்க்கலாம், பேக்கேஜுக்கு உள்பக்கம், பேடில்.

ஒரு முக்கியமான நிபந்தனை: எச்ஆர் பேங்கில் உள் டெர்மினேஷன் வேலை செய்ய பேங்க் மின்னழுத்தம் 2.5 ஆக இருக்க வேண்டும். 3.3 வோல்ட் பேங்கில் எல்விடிஎஸ் உள்ளீடு மட்டும் வைத்துக்கொள்ள இடம் உண்டு, ஆனால் 100 ஓமை வெளியேதான் போட வேண்டும். சிமுலேஷனில் ரெசிஸ்டரைச் சேர்க்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இல்லாத ரெசிஸ்டரை நம்பி போர்டு செய்துவிடுவோம்.

அறிகுறி 10: டைமிங் கணக்கு கூட்டினால் ஒரு நானோ செகண்ட் அதிகமாக வருகிறது

பஃபரின் தாமதத்தை இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்கள். டைமிங் ரிப்போர்ட்டின் கிளாக்-டு-அவுட் எண்ணில் பஃபர் தாமதம் ஏற்கனவே இருக்கிறது. சிமுலேட்டரின் அலையும் பஃபர் மாறத் தொடங்கும் கணத்திலிருந்து ஓடுகிறது. அப்படியே கூட்டினால் பஃபர் இருமுறை வரும்.

கழிக்கும் முறை இது. மாடலில் 'சீரெஃப்', 'ஆர்ரெஃப்', 'வீரெஃப்' என்று ஒரு சோதனைச் சுமையும், 'வீமெஸ்' என்று அளக்கும் மின்னழுத்தமும் கொடுத்திருப்பார்கள். அதே பஃபரை அந்தச் சோதனைச் சுமையோடு மட்டும் ஓட்டி, வீமெஸைத் தாண்டும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு உண்மையான போர்டுப் பாதையோடு ஓட்டி, ரிசீவரின் நுழைவு வரம்பைத் தாண்டும் நேரத்தைக் குறியுங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் டைமிங் கணக்கில் கூட்ட வேண்டிய எண். அது மைனஸில் வந்தால் பிழை என்று நினைக்காதீர்கள். சோதனைச் சுமையைவிட உங்கள் போர்டு இலகுவானது என்று பொருள். டைமிங் ரிப்போர்ட் எந்தச் சுமையை வைத்துக் கணக்கிட்டதோ அதே சுமைதான் மாடலிலும் இருக்கிறதா என்பதை மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி 11: ஒரு பிட் ஆடினால் சரி, 32 பிட்டும் ஒன்றாக ஆடினால் தப்பு

போர்டில் மட்டும் வரும், சிமுலேஷனில் வராது. சாதாரண ஐபிஸ் மாடல் தன் சப்ளை அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு ஓடுகிறது. பல பஃபர்கள் ஒன்றாக மாறும்போது தரை மட்டமே குதிப்பதை அது காட்டாது. 2008இல் வந்த 5.0 பதிப்பில்தான் சப்ளை மின்னோட்டத்தையும் அதன் விளைவையும் சொல்லும் அட்டவணைகள் சேர்ந்தன. உங்கள் கோப்பில் 'காம்போசிட் கரன்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். இல்லையென்றால் அந்த மாடலால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது, எத்தனை முறை ஓட்டினாலும். 7 சீரிஸுக்கு விவாடோவிலேயே 'ரிப்போர்ட்_எஸ்எஸ்என்' என்ற கட்டளை உண்டு; அதை ஓட்டி, மீறும் பேங்குகளில் டிரைவைக் குறையுங்கள், பின்களைப் பிரித்து வையுங்கள்.

அறிகுறி 12: ஜிகாபிட் டிரான்சீவர் பின்களுக்கு மாடலே வரவில்லை

வராது. ஈக்வலைசர் உள்ள அந்தப் பின்களுக்கு ஐபிஸ்-ஏஎம்ஐ என்ற வேறு வகை மாடல் வேண்டும், அதுவும் 5.0 பதிப்போடு வந்ததுதான். நிறுவனத்திடம் தனித் தொகுப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். எல்விடிஎஸ் மாடலை வைத்து ஒப்பேற்ற முயல வேண்டாம்.

அறிகுறி 13: போர்டு சில நேரம் பூட் ஆகிறது, சில நேரம் ஆவதில்லை

சிமுலேஷனில் எல்லாச் சிக்னலும் பச்சை. ஆனால் கான்ஃபிகரேஷன் கிளாக்கை யாராவது ஓட்டினார்களா? 7 சீரிஸில் சிசிஎல்கே பின் 0ஆம் பேங்கில் இருக்கும் பிரத்தியேகப் பின். உங்கள் கன்ஸ்ட்ரெயின்ட் கோப்பு அதைத் தொடுவதில்லை. டிசைன் ஏறும் முன்பே அது ஓடத் தொடங்கிவிடும். அதனால் டிசைனிலிருந்து எடுத்த ஐபிஸில் அதற்குச் சரியான மாடல் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கான்ஃபிகரேஷன் கையேட்டில் அந்தப் பின் எந்த டிரைவ், எந்த ஸ்லூவோடு ஓடும் என்று தேடி, பொதுக் கோப்பிலிருந்து அதற்கு ஒத்த மாடலைக் கையால் பொருத்துங்கள். ஃபிளாஷ் வரை உள்ள பாதையை அந்த மாடலோடு ஓட்டி, உயரும் விளிம்பிலும் இறங்கும் விளிம்பிலும் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிளாஷிலிருந்து திரும்பி வரும் டேட்டா 14ஆம் பேங்குக்குப் போகும். அதற்கு ஃபிளாஷ் நிறுவனத்தின் மாடல் வேண்டும். இந்த ஐந்தாறு பின்கள் மறந்துபோன போர்டுகள்தான் பூட் ஆகாமல் மேசைக்குத் திரும்பி வருகின்றன. சிசிஎல்கேயில் சீரீஸ் ரெசிஸ்டருக்கு ஓர் இடம் விட்டு வைத்திருந்தால், மாடல் சொல்லும் எண்ணை அங்கே சால்டர் செய்து அன்றைக்கே சோதித்துவிடலாம்.